கொள்ளுக் கஞ்சித் தலைவியின் ஆறுபடை யாத்திரை

மே 8, வெள்ளி

இன்று இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று மிருதுளாவுக்குக் காட்ட, ஒன்று எனக்கு. இது எனக்கு.

மிருதுளா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். என் மகள் வயதுதான் இருக்கும். வீடியோவில் வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் வாயில் போவது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள், மறைக்காமல் எழுதுங்கள் என்று சொன்னாள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

பெயர் குணவதி. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். எடை இன்று காலை 106 கிலோ. ஆறு வருடத்துக்கு முன்னால் 118. நடுவில் ஒரு காலத்தில் 70. அந்த எழுபதுதான் எல்லா வம்புக்கும் காரணம்.

எழுபதுக்கு இறங்கியது பினாங்கில் செய்த ஆபரேஷனால். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்கள். ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டோம். எடை மளமளவென்று இறங்கியதும் கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று பிடுங்கி எடுத்தார்கள். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். கொள்ளுக் கஞ்சி, காலை நடை.

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை எங்கள் தாமான் குடியிருப்புத் திடலில் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். இப்போது இருபத்திரண்டு பேர். ஊதா நிறச் சட்டை, முதுகில் ‘கிள்ளான் கஞ்சிக் கழகம்’. நான் தலைவி.

மூன்று வருடமாக எடை திரும்ப ஏறுகிறது. மூட்டு மாத்திரை சாப்பிட்டு ஊதிவிட்டேன் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நெஞ்செரிச்சல்தான் தாங்கவில்லை. குனிந்து பாத்திரம் எடுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. பழைய ஆபரேஷனைத் திருத்தி, இரைப்பையை இன்னும் சின்னதாக்கி, குடலை வேறு வழியில் இணைக்க வேண்டுமாம். முதல் தடவையைவிட இது கஷ்டமானது, ஆபத்தும் கொஞ்சம் கூட.

பினாங்கிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் போன தடவை அங்கே லிப்டில் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருத்தியைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஐந்து மாடி படியில் இறங்கினேன். அதனால் இந்தத் தடவை கடல் தாண்டிவிடுவது என்று முடிவு. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

மே 10, ஞாயிறு

இன்றிலிருந்து நீராகாரம் மட்டும். நடை முடிந்ததும் ஷர்மிளா கேசரி டப்பாவைத் திறந்தாள். எங்கள் கழகத்துச் செயலாளர் அவள். வயது முப்பத்தைந்து, தும்மினால்கூட வாட்ஸப்பில் போட்டுவிடுவாள். முந்திரி மேலாக மிதக்கும் கேசரி. நான் வேண்டாம் என்றேன். இருபத்திரண்டு தலையும் திரும்பின.

“என்னக்கா, உடம்புக்கு முடியலையா?”

“இல்லம்மா, விரதம்” என்றேன்.

எதற்கு என்று கேட்டார்கள். பள்ளி விடுமுறையில் இந்தியாவுக்குப் போகிறோம், ஆறுபடை வீடும் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். இந்தியாவுக்குப் போவது நிஜம். பள்ளி விடுமுறையும் நிஜம். முருகன் மட்டும்தான் இடைச்செருகல்.

மே 11, திங்கள்

காலை: புரோட்டீன் பால். மதியம்: வடிகட்டிய சூப்பு. மாலை: மோர், எண்ணெயில் பொரித்த கறிபாப் அரை.

மிருதுளா நோட்டில் கறிபாப் இல்லை.

சரி, ஒன்றரை.

மே 13, புதன்

ஷர்மிளா வாட்ஸப்பில் போஸ்டர் போட்டுவிட்டாள். வேல் படம், மயில் படம், நடுவில் போன தீபாவளிக்கு எடுத்த என் படம். ‘தலைவியோடு நாமும்! ஆறுபடை நீராகார விரதம்.’ நான் கடைசியாகப் பழனி மலை ஏறி அங்கிருந்து போன் செய்யும் வரைக்கும் யாரும் சோறு தொடக் கூடாதாம். பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

படித்துவிட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை. ஆண்டியப்பன் என்று பெயர் வைத்த மனுஷன், முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எல்லாவற்றுக்கும் சிரிப்பார். இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. இப்போதே வேண்டாம் என்று எழுது என்றார்.

இவர்களாவது இரண்டு வாரம் சோறில்லாமல் இருப்பதாவது! மூன்றாம் நாள் எல்லாம் நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுக் கடையில் நிற்கும். நான் ‘முருகன் துணை’ என்று போட்டு, கும்பிடும் கை மூன்று போட்டேன்.

மே 16, சனி

தனபாக்கியம் அக்கா வந்திருந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், ஐம்பத்தேழு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டது, சர்க்கரையும் இருக்கிறது. கழகத்தில் முதல் நாளே வந்த ஒன்பது பேரில் ஒருத்தர். ஐந்து வருடத்துக்கு மேலாகக் கஞ்சி குடிக்கிறார். ஒரு தம்ளர் என்று சொன்னால் இரண்டு தம்ளர் குடிப்பார். ஒரு நாள் நடை தவறியதில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை.

மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து என் கையில் வைத்தார். அவருக்காகப் பழனிப் படி ஏற வேண்டுமாம், தன் காலால் முடியாதாம். அப்புறம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

“உன் மனசு உறுதி எனக்கு இல்ல குணா. எனக்கு வாய் கெட்ட வாய். ஆனா இந்தத் தடவ பாரு, நீ விரதம்னு சொன்ன அன்னிலேர்ந்து ஆறு நாளா சோத்துப் பக்கம் போகல.”

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சோறு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். முருகன் பார்த்துக்கொள்வான் என்றார். நான் பால் காய்ந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

மே 20, புதன்

எடை 102. வீட்டுக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்து, தேர் கொஞ்சம் இளைத்துவிட்டது என்றார். கரண்டியால் ஒன்று போட்டேன்.

விரதத்தில் ஏழு பேர்தான் மிச்சம். நான் சொன்னது சரிதானே. ஆனால் அந்த ஏழில் தனபாக்கியம் அக்கா இருக்கிறார். குழுவில் அவர் குரல் பதிவு: முதல் தடவையாக வாயைக் கட்டிவிட்டேன், நானும் மனுஷிதான் என்று இன்றைக்குத் தெரிந்தது என்று அழுதுகொண்டே சொல்கிறார். இருபது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் போய் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார். போய் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நானும் ஒரு இதயம் போட்டேன்.

மே 22, வெள்ளி

பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் கோயம்புத்தூரில் கேட்கிறார்கள். ஆறு வருடமாக அது பூஜை அறையில் லட்சுமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்கும்போது ஒரு பல்லி குதித்தது.

மாலையில் கோயிலில் வழியனுப்பு. மாலை, எலுமிச்சம்பழம், தனபாக்கியம் அக்காவுடையதையும் சேர்த்துப் பதினெட்டு மஞ்சள் முடிச்சு, ஒவ்வொன்றிலும் ஒரு வேண்டுதல். வீட்டுக்காரருக்கு மஞ்சள் வேட்டி கட்டிவிட்டார்கள். முதலில் கூச்சப்பட்டார், பிறகு கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். தனபாக்கியம் அக்கா என் காலில் விழப் பார்த்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர்! பிடித்து நிறுத்திவிட்டேன். அவர் கை சில்லென்று இருந்தது.

மே 23, சனி

கோலாலம்பூரிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து காரில் கோயம்புத்தூர். கரூரில் நிறுத்தி வீட்டுக்காரர் மூன்று தோசை, இரண்டு வடை சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து மோர் குடித்தேன். யாத்திரை போகிறவன் பசியாறாமல் இருக்கக் கூடாது என்று எனக்கே உபதேசம்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் விடுதி. குழுவில் ஷர்மிளா, ‘அக்கா எந்தப் படைவீடு? படம் போடுங்க’ என்று உயிரை எடுத்தாள். விடுதி வரவேற்பறையில் பெரிய முருகன் படம் மாட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் அதன் முன்னால் என்னை நிறுத்தி, பக்கத்திலிருந்த சாவிப் பலகை தெரியாமல் ஒரு படம் எடுத்தார். அனுப்பினேன். இருபத்திரண்டு கும்பிடு வந்தது. ஒருத்தி மட்டும், மூலஸ்தானத்தில் டியூப்லைட் போட்டிருக்கிறார்களே என்று கேட்டாள்.

மே 25, திங்கள்

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை இன்னும் காந்துகிறது. புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

டாக்டர் பெயர் செங்கோட்டுவேலன். கோயம்புத்தூர்க்காரர், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்கிறார், திட்டினாலும் மரியாதையாகத் திட்டுவார் போல. என்னென்ன ஆபத்து என்று ஒளிக்காமல் சொன்னார். தையல் கசியலாம், ரத்தம் கட்டலாம், இரண்டாம் தடவை என்பதால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை விடக் கூடாது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டுக்காரரத் தவிர இந்த ஆபரேஷன் பத்தி ஊர்ல யாருக்குங்க தெரியும்? நாளைக்கு எங்காச்சும் மயங்கி விழுந்தீங்கன்னா, கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.”

எல்லாருக்கும் தெரியும் டாக்டர் என்றேன். வீட்டுக்காரர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

மிருதுளா என் நோட்டைப் படித்துப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக யாரும் இருந்ததில்லையே அக்கா என்று சந்தேகமாகச் சிரித்தாள். கெட்டிக்காரப் பெண்.

மே 26, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்து, முதுகில் நாடா கட்டும் பச்சை அங்கியைப் போட்டுவிட்டார்கள். ஒன்பதுக்கு ஷர்மிளா போன். தனபாக்கியம் அக்கா திடலில் நடக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். சர்க்கரை 2.4. எங்கள் ஊர்க் கணக்கில் நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. மாத்திரை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு பதினேழு நாளாகத் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். கண் விழித்துவிட்டார்.

விரதத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள்தானே என்று கேட்டேன். அதற்கு ஷர்மிளா சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தாநாள் தனபாக்கியம் அக்கா ஒரு பிஸ்கட் தின்றுவிட்டாராம். விரதம் முறிந்ததால்தான் முருகன் தண்டித்துவிட்டானாம். அதனால் விட்டுப்போனவர்களும் திரும்பச் சேர்ந்து, மறுபடி பதினாறு பேர் சுத்தமாக விரதம் இருக்கிறார்களாம். தனபாக்கியம் அக்காவே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டேன், குணா பழனியிலிருந்து போன் பண்ணட்டும் என்று வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாராம்.

அந்த ஒரு பிஸ்கட்டுக்காக அவர் தன்னைத் திட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார். பழனிக்கு மூன்று மணி நேரம்தான், இப்போதே காரில் போய் மலைமேல் நின்று வீடியோ காட்டுகிறேன், நீ இங்கிருந்து பேசு, அந்த அம்மா சாப்பிட்டுவிடுவார் என்றார். நல்ல யோசனைதான். எல்லாம் அடங்கிவிடும். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கதவு வரைக்கும் போய்விட்டார்.

சாப்பிட்டுவிடுவார். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து மறுபடி இரண்டு தம்ளர் கஞ்சி குடிப்பார். தன் வாய் கெட்ட வாய் என்பார். அடுத்த தடவை திடலில் விழும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் போகலாம்.

நில்லுங்கள் என்றேன். ஷர்மிளாவுக்கு வீடியோ போட்டு, போனை அக்காவிடம் காட்டச் சொன்னேன். என் அங்கியையும் கையில் குத்தியிருந்த ஊசியையும் பார்த்ததும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். உனக்கு என்னம்மா ஆச்சு, யாத்திரையில் விழுந்துவிட்டாயா என்று பதறினார். தான் படுத்திருக்கிற கட்டிலில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறார்.

“அக்கா, நான் எந்தக் கோயிலுக்கும் போகல. நாளைக்கு எனக்கு வயித்துல ஆபரேஷன், எடை குறைக்க. இது ரெண்டாவது தடவ. ஆறு வருசத்துக்கு முந்தி நான் குறைஞ்சதும் இதனாலதான். கஞ்சியால இல்ல.”

ஷர்மிளா போனைத் தாழ்த்திவிட்டாள். கொஞ்ச நேரம் கிள்ளான் ஆஸ்பத்திரியின் கூரைதான் தெரிந்தது. பிறகு அக்காவின் முகம்.

“அப்ப கஞ்சி?”

“ஆபரேஷன் பண்ண புதுசுல வேற ஒண்ணும் உள்ள இறங்கல. அதான் குடிச்சேன்.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“அஞ்சு வருசமா நான் என்னையேதான் திட்டிக்கிட்டு இருந்தேன், குணா.”

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாதியைக் கூப்பிட்டு, இந்தக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போ, ரொட்டி இருந்தால் கொடு என்று மலாயில் சொல்வது கேட்டது. அதோடு போன் நின்றுவிட்டது.

குழுவுக்கும் குரல் பதிவு போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடுங்கள், இப்போதே சாப்பிடுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. கொஞ்ச நேரத்தில், ‘ஷர்மிளா வெளியேறினார்’. பிறகு வரிசையாக, படியில் இறங்குவதுபோல ஒவ்வொருத்தியாக. மதியத்துக்குள் பதின்மூன்று பேர்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் பசியைப் பற்றி நினைப்பே வரவில்லை. நெஞ்சும் எரியவில்லை.

மே 27, புதன்

ஏழரைக்கு உள்ளே கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் திருநீறு பூசினார். நர்ஸ் துடைத்தாள். அவள் திரும்பியதும் மறுபடி பூசினார்.

மே 28, வியாழன்

இருக்கிறேன்.

மே 29, வெள்ளி

நாலரை மணி நேரம் ஆகியிருக்கிறது. நினைத்ததைவிட உள்ளே ஒட்டிக்கிடந்ததாம். வயிற்றில் ஐந்து சின்னத் துளை, ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அளவு. வலி பட்டாணி அளவு இல்லை. நேற்றே எழுப்பி நடக்கவிட்டார்கள். நடைக் கழகத் தலைவி இருபதடி தாழ்வாரத்தைக் கடக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

நீல மருந்து குடிக்க வைத்துப் பார்த்தார்கள், கசிவு இல்லை. இருமல் மருந்து மூடி அளவுக்குத் தண்ணீர், கால் மணிக்கு ஒரு மூடி. அதைக் குடித்ததும் விருந்து சாப்பிட்ட மாதிரி ஏப்பம் வருகிறது.

வீட்டுக்காரர் அதிகாலையில் கிளம்பிப் போய்விட்டு மாலையில் நொண்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி முழுக்கப் பட்டை, கையில் பஞ்சாமிர்த டப்பா. பழனிக்குப் போயிருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் அறுநூறுக்கு மேல் படியை நடந்தே ஏறியிருக்கிறார், பதினெட்டு முடிச்சையும் சேர்த்துவிட்டார். யார் உங்களைப் போகச் சொன்னது என்று கேட்டேன்.

“பொய் சொன்னது நீ. அவங்க வேண்டுதல் பொய் இல்லையே லா.”

அழுதேன். அழுதால் தையல் இழுக்கிறது, அதனால் சுருக்கமாக அழுதேன்.

ஜூன் 1, திங்கள்

விடுதிக்கு வந்துவிட்டோம். ஊருக்குப் போக இன்னும் பத்து நாள். வடிகட்டிய சூப்பு, மோர், புரோட்டீன் பால். வீட்டுக்காரர் தினமும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாகச் சொல்கிறார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே சட்டியில் சோறு ஆக்குகிறார்களாம், மேலே நெய் ஊற்றுகிறார்களாம். பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காயைப் பல்லுப் பல்லாகப் போடுகிறார்களாம். ஆஸ்பத்திரித் தராசில் ஏறிப் பார்த்தார், இரண்டு கிலோ கூடியிருக்கிறார். நான் ஐந்து குறைந்திருக்கிறேன். குடும்பமாகப் பார்த்தால் லாபம்தான்.

ஷர்மிளா எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாள். ‘தனபாக்கியம் ஆண்ட்டி வீட்டுக்கு வந்துட்டாங்க. சுகர் சரி.’ என்னை எப்போதும் கூப்பிடும் அக்கா என்ற சொல் எங்கேயும் இல்லை. இருந்தாலும் நாலு தடவை படித்தேன்.

ஜூன் 5, வெள்ளி

டாக்டர் தையல் பார்த்தார். அதே கேள்வியை மறுபடி கேட்டார், ஊரில் யாருக்குத் தெரியும் என்று. இப்போது நிஜமாகவே எல்லாருக்கும் தெரியும் டாக்டர், அதுதான் பிரச்சினையே என்றேன். முழுக் கதையையும் கேட்டார். போன தடவை என்னிடம் பொய் சொன்னீர்களாக்கும் என்றார். ஆமாம் என்றேன். இனி மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள், உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதினார்.

மிருதுளாவிடம் கறிபாப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. எல்லாரும் இரண்டு நோட்டுதான் வைத்திருக்கிறார்கள் அக்கா என்றாள்.

ஜூன் 9, செவ்வாய்

தனபாக்கியம் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் மன்னிக்காவிட்டால் மற்ற இருபத்தொரு பேரும் வந்து மாலை போட்டாலும் எனக்குச் சரியாகாது.

நாளை கிளம்புகிறோம்.

ஜூன் 11, வியாழன்

வந்து சேர்ந்தோம். வாசலில் யாரும் இல்லை. அக்கா வீட்டு ஜன்னல் திரை அசைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டு போனார். கொடுத்தாராம். வாங்கிக்கொண்டாராம். படி எத்தனை என்று கேட்டாராம், கால் வலிக்கிறதா என்று கேட்டுத் தைலம் கொடுத்தாராம். என்னைப் பற்றி?

“ஒண்ணும் கேக்கல” என்றார். அவருக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது.

ஜூன் 14, ஞாயிறு

காலை ஆறரைக்குத் திடலுக்குப் போனேன். ஊதாச் சட்டை போடவில்லை, சாதாரண சுடிதார். இரண்டு தடவை பாதியில் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

எட்டுப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஷர்மிளாவும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தடுமாறியது, ஆனால் யாரும் நிற்கவில்லை. சிமெண்டு பெஞ்சில் தனபாக்கியம் அக்கா உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்க்கும்படி, சட்னி தொட்டு. நான் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. இட்லியை முடித்தார், டப்பாவை மூடினார், மாத்திரையைப் போட்டார், தண்ணீர் குடித்தார்.

“வாட்ஸப்புல சொன்னதெல்லாம் செல்லாது. நேர்ல சொல்லு.”

சொன்னேன். பினாங்கில் ஆரம்பித்து, குடலிறக்கம் என்று சொன்னதிலிருந்து, விரதம் என்று சொன்னது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அடுப்பில் பால் இல்லாமலே உள்ளே எழுந்து போனதையும் சொன்னேன். உங்களைச் சாகடிக்கப் பார்த்தேன் அக்கா என்றும் சொன்னேன். முடித்ததும் வயிற்றைக் காட்டு என்றார். சட்டையைக் கொஞ்சம் தூக்கி ஐந்து தழும்பையும் காட்டினேன். கிட்டே குனிந்து பார்த்தார்.

“வலிச்சிச்சா?”

“ரொம்ப வலிச்சிச்சுக்கா.”

“நல்லது.”

பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையால் பெஞ்சைத் தட்டினார். உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வேறு வேலை இல்லாமல் படுத்திருந்தபோது ஒன்று யோசித்தேன் என்றார். ஷர்மிளா கழகத்தில் எட்டுக் கிலோ குறைத்தாள், குழந்தை பிறந்து பத்துக் கிலோ ஏறினாள். மற்றவர்கள் தைப்பூசத்துக்குக் குறைவார்கள், தீபாவளிக்கு ஏறுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் போய் நாட்காட்டியில் எடையை எழுதி வைத்திருக்கிறார். விரதத்தில் குறைந்தது எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே திரும்பி வந்துவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு முன்னால், ஐந்து வருடத்தில், எண்பத்தொன்பதிலிருந்து எண்பத்தாறு. குறைந்தது திரும்ப ஏறவே இல்லை.

“அப்ப இந்தக் கூட்டத்துல கத்தி வைக்காம குறைஞ்சது யாரு?”

இருபத்திரண்டு முகத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

“நீங்கதாங்க்கா.”

“எத்தன கிலோ?”

“மூணு.”

“அவங்களுக்குக் கேக்கல.”

எழுந்து நின்றேன். திடலின் அந்தக் கோடியில் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, தனபாக்கியம் அக்கா மூணு கிலோ என்று கத்தினேன். ஷர்மிளா நின்று திரும்பிப் பார்த்தாள், அவளோடு மற்றவர்களும் நின்றார்கள். தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது, கையால் அமுக்கிக்கொண்டேன். பெஞ்சில் அக்கா தலைமுடியைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னொரு தடவ” என்றார்.

கத்தினேன்.